யாரும் தொடாத ரைடர்

3 ஜூன், திங்கள்

மதியம் செம்மணல்விளை வந்து சேர்ந்தேன். ஊர் முழுக்கக் காற்றும் சிவப்பு மண்ணும். லாட்ஜ் அறையில் சன்னலைத் திறந்து வைத்த பத்து நிமிடத்தில் தலையணை உறை செங்கல் நிறமாகிவிட்டது.

சினிமாக்காரர்கள் தந்த தாளில் என் பெயர் 'கபடி மாஸ்டர் சங்கர்' என்று இருக்கிறது. நான் முனைவர் சங்கரபாண்டியன். உடற்கல்வியில் டாக்டர் பட்டம் வாங்கியவன். இருபத்தாறு வருடம் கல்லூரியில் வேலை பார்த்தவன். எனக்கு ஏழு வருடம் இளையவனை இயக்குநர் நாற்காலியில் உட்காரவைத்த அன்று விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். பிரிவு விழாவில் ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். அது ஓடவில்லை. இதையெல்லாம் ஒரு புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

படத்தின் இயக்குநர் ஒரு பெண், நிலோஃபர். முப்பது வயதுக்கு மேல் இராது. இரண்டு வாரத்தில் ஏழு நடிகர்களை கபடி அணியாக மாற்றித் தர வேண்டுமாம். நகைச்சுவைப் படம். இன்னும் பெயர் வைக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திரைக்கதையைப் படித்தேன். ஆண்களை விரும்பும் ஆண்கள் ஆறு பேர், ஆணாக மாறிய ஒருவர், அவர்களுக்கு மேனேஜராக ஒரு திருநங்கை. உள்ளூர்ப் போட்டிகளில் தோற்றுக்கொண்டே இருக்கிற அணி. இதைப் போனில் பேசியபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவேன்.

4 ஜூன், செவ்வாய்

கிளம்பவில்லை. சட்டைகள் ஈரமாக இருந்தன.

6 ஜூன், வியாழன்

ஏழு பேரில் ஐவர் நடிகர்கள். கதாநாயகன் டிவி சீரியலில் மாப்பிள்ளையாக வருகிறவன். பெண் இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு நடப்பதுபோல மைதானத்துக்குள் வந்தான். ஏன் இப்படி நடக்கிறாய் என்றேன். "கேரக்டர் சார்" என்றான்.

பக்கத்தில் நின்ற பையன் சிரித்தான். "சார், அந்தக் கேரக்டர் நாந்தான். நானே அப்பிடி நடக்க மாட்டேன்."

அவன் பெயர் பிரிட்டோ. கடற்கரை ஊர்க்காரன். இருபத்துநான்கு வயது. அணியில் நிஜமாக கபடி ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மேனேஜராக நடிக்கும் திருநங்கை அபிநயா பள்ளியில் ஆடியிருக்கிறாளாம். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டதாம். நிறுத்திவிட்டார்களாம் என்று திருத்திச் சொன்னாள்.

இன்று பிடிகாரர்களுக்குக் கைகோத்து நிற்கச் சொல்லிக் கொடுத்தேன். ரைடர் உள்ளே வரும்போது ஓரத்தில் நிற்பவனும் அவனுக்கு அடுத்தவனும் கையைக் கோத்துக்கொண்டு மடக்க வேண்டும். கபடி ஆடுகிற எவனும் இதை யோசித்துச் செய்வதில்லை. இந்த நடிகர்களோ ஒருவன் விரலை ஒருவன் பூவைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டு, கண்ணை வேறு பார்த்துக்கொள்கிறார்கள்.

"விரலைப் பிடிக்காதே! கையைப் பிடி! ரைடரைப் பார், இவனைப் பார்க்காதே!" என்று கத்தினேன்.

"மாஸ்டரய்யா, அவங்களுக்குப் பொண்டாட்டி கையவே புடிச்சுப் பழக்கம் இருக்காது, விடுங்க" என்றாள் அபிநயா.

மைதானமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அல்லது சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

9 ஜூன், ஞாயிறு

படப்பிடிப்பு இல்லை. இரண்டு டிராக் பேன்ட், நான்கு பனியன் துவைத்தேன். எத்தனை முறை அலசினாலும் வாளித் தண்ணீர் சிவப்பாகவே வருகிறது. மனைவி விசாலாட்சி சென்னையில் மகளோடு இருக்கிறாள். போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

மாலையில் பிரிட்டோ கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். லாட்ஜில் இதை எங்கே வைத்துப் பொரிப்பது? இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

அவனுக்கு ஓர் உதவி வேண்டும். தென்கடல் கபடிக் கழகத்தில் இருபத்திரண்டாம் தேதி ஆள் எடுக்கிறார்கள். எடுபட்டால் உப்புக் கம்பெனியில் நிரந்தர வேலையும் உண்டு. இருபத்தைந்து வயதானவர்களைச் சேர்ப்பதில்லை. அவனுக்கு ஆகஸ்டில் இருபத்தைந்து.

"இதான் கடைசி சான்ஸு சார். இதுலயும் போச்சுன்னா எங்கப்பாகூட வள்ளத்துல ஏற வேண்டியதுதான். எனக்கு வள்ளம் ஏறுனா வாந்தி வரும். கடக்கரையில பொறந்துட்டு வெளிய சொல்ல முடியுமா?"

கழகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசியாகப் பயிற்சி தந்தவரிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் வாங்கி வர வேண்டும். அது இல்லாதவனை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். கடைசியாகப் பயிற்சி தந்தவன், சட்டப்படி பார்த்தால், நான்.

அவனுடைய பழைய கோச் என்னவானார் என்று கேட்டேன். போன மாதம் படத்துக்காக ஒரு யூடியூப் சேனலில் பேசியிருக்கிறான். 'நீங்க நிஜத்துலயும் அப்படியா' என்று கேட்டிருக்கிறார்கள். 'ஆமா' என்றிருக்கிறான். அதற்குப் பிறகு கோச் போனை எடுப்பதில்லை.

"ஆமான்னு ஏன்டா சொன்னே?"

"கேட்டாங்கல்லா சார்."

எழுதித் தருகிறேன் என்றேன். போகும்போது என் செருப்பை நேராக எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

11 ஜூன், செவ்வாய்

மழை தூறி ஷூட்டிங் நின்றது. நிலோஃபர் டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டா? உங்க காலத்துல, உங்க டீம்ல, இந்த மாதிரி யாராவது இருந்தாங்களா?"

"இல்லை" என்றேன்.

"ஒருத்தர்கூடவா?"

"எங்களுக்கு ஆட்டம் மட்டும்தான் தெரியும்."

அவள் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். இதைப் போய் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது?

13 ஜூன், வியாழன்

வள்ளிமுத்து வந்தான். தென்கடல் கழகத்தின் செயலாளர். பல்கலைக்கழக அணியில் எனக்கு ஒரு வருடம் இளையவன். விதிப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காதவன். இன்று வெள்ளைக் காரும் இரண்டு போனும் வைத்திருக்கிறான். கழகத்தின் பயிற்சியாளர் பதவிக்கு நான் மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் இவன் கையெழுத்தில்தான் மறுப்பு வந்தது.

"என்னவே டாக்டரே, சினிமாவுல எறங்கிட்டீரு. ஈரோயின் யாரு?"

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அந்த பிரிட்டோ பய ட்ரையலுக்கு வாரானாம். நல்லா ஆடுதான், இல்லங்கல. ஆனா டிவியில போயி இன்னான்னு சொல்லிட்டானே. நாளைக்கு மத்த பயலுவ அவன்கூட ஒரே ரூம்ல தங்க மாட்டானுவ. நானா வேண்டாம்னு சொன்னா பேப்பர்காரன் வந்துருவான். நீரு ரெண்டு வரி எழுதிக் குடும். 'அணியின் ஒற்றுமைக்கு இடைஞ்சல்.' அவ்வளவுதான்."

"நான் எதற்கு எழுத வேண்டும்?"

"சீனியர் டீம் கோச்சு வேல காலியாத்தான் இருக்கு. தலைவர்ட்ட உம்ம பேரச் சொல்லி வச்சிருக்கேன்." டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தான். "அந்த வரி உமக்கு என்ன புதுசாவே? தொண்ணூத்தி மூணுல நீரு எழுதுனதுதான. நானும் அதுல கையெழுத்துப் போட்டவன்லா."

கார் கிளப்பிய மண் டீக்கிளாஸ் வரை வந்தது.

14 ஜூன், வெள்ளி

கடிதம் எழுதவில்லை. கடுமையான வெயில்.

15 ஜூன், சனி

வள்ளிமுத்து கேட்டதை எழுதிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அடித்தல் திருத்தல் இல்லை. கை தானாகவே எழுதியது.

பயிற்சியாளர் பதவி எனக்குப் பத்து வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது. தகுதி இருக்கிறது. பையன் இந்த வருடம் இல்லாவிட்டாலும் வேறு எங்காவது பிழைத்துக்கொள்வான். இப்படி எல்லாவற்றையும் நிதானமாக யோசித்தேன்.

1993 ஜனவரி விஷயத்தையும் ஒழுங்காகப் பதிவு செய்துவிடுவது நல்லது. தென்மண்டலப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, குணசீலன் என்ற ஆட்டக்காரனை அணியிலிருந்து நீக்கக் கோரி மேனேஜருக்குக் கடிதம் போனது. எழுதியவன் அணித்தலைவனான நான். மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள். ஒழுக்கம் சார்ந்த காரணம். மதுரையில் ஓர் ஆட்டம் முடிந்து திரும்பும் பஸ்ஸில், பின் இருக்கையில், வள்ளிமுத்து எதையோ பார்த்துவிட்டான். ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்றான். என்ன பார்த்தான் என்பது இங்கே தேவையில்லை. அணியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம்.

குணசீலன் படிப்பை நிறுத்திவிட்டுப் போனான். இப்போது நாகர்கோவிலில் பேக்கரி வைத்திருக்கிறான். மணிமேடைச் சந்திப்பிலிருந்து நடந்தால் நான்காவது கடை. முன்பு பச்சைப் பலகை. போன வருடம் நீலமாக மாற்றியிருக்கிறான். காலை ஆறரைக்குத் திறப்பான். செவ்வாய் விடுமுறை. நான் உள்ளே போனதில்லை. எனக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை.

எழுதிய கடிதத்தை உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

17 ஜூன், திங்கள்

இன்று கடைசி ஆட்டத்தின் படப்பிடிப்பு. எதிரணிக்கு இந்த ஊர் வீரர்களையே பேசி வைத்திருந்தார்கள். மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற பயல்கள். அவர்களுக்குக் கதையைச் சொல்லவில்லை. காலையில் அபிநயா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் தனியாகப் போய்க் கூடிக் கூடிப் பேசினார்கள்.

மூன்று கேமரா. ஊர் மக்கள் சுற்றி நின்றார்கள். பிரிட்டோவை முதல் ரைடுக்கு அனுப்பினேன். அவன் நடுக்கோட்டைத் தொட்டு வணங்கி, கபடி கபடி என்று உள்ளே போனான். எந்தக் குறும்பும் செய்யவில்லை. எல்லா ரைடரும் போவதுபோலத்தான் போனான்.

எதிரணி பின்வாங்கியது. அவன் ஓர் அடி வைத்தால் ஏழு பேரும் ஓர் அடி பின்னால். அவன் இன்னோர் அடி. ஏழு பேரும் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி பின்கோட்டில். அவன் சும்மா கையை நீட்டினான். ஏழு பேரும் ஒரேயடியாகக் கோட்டைத் தாண்டி வெளியே குதித்தார்கள்.

கோட்டுக்கு வெளியே கால் வைத்தவன் அவுட். ஒரு விரலும் படாமல் ஒரே ரைடில் ஏழு பேரும் அவுட். நாற்பது வருட கபடியில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நடுவராக நின்ற உள்ளூர் பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார்.

"ஏல, அவன் ஒங்களக் கட்டிக்கிடவால வந்தான்? பாயின்ட் எடுக்க வந்தாம்ல!" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கத்தினார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நிலோஃபர் கைதட்டினாள். "மாஸ்டர், இத அப்படியே படத்துல வச்சுக்கறேன்! எழுதினாக்கூட வராது!"

பிரிட்டோ நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து என்னைப் பார்த்தான். "நல்ல டெக்னிக்கு சார். இனிமே பிராக்டீஸே வேண்டாம். பேட்டி குடுத்துட்டுப் போனா போதும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். காதுமடல் சிவந்திருந்தது. அடுத்த ரைடுக்குப் போனான். மறுபடியும் பின்வாங்கினார்கள். அவன் களத்தின் நடுவில் தனியாக நின்று, மூச்சு முட்டும்வரை கபடி கபடி என்று சொல்லிக்கொண்டிருந்தான். தொடுவதற்கு ஆளில்லை. பிடிப்பதற்கும் ஆளில்லை.

என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரணியின் பக்கம் போய் இடது மூலையில் நின்றேன். "வாடா" என்றேன்.

"சார், ஒங்க முட்டி..."

"வாடா!"

அவன் வந்தான். போனஸ் கோட்டுக்கு வலது காலை நீட்டினான். நான் விழுந்து கணுக்காலைப் பிடித்தேன். அவன் இழுத்தான். நல்ல பலம். மண்ணில் நாலடி என்னை இழுத்துக்கொண்டு போனான். நான் விடவில்லை. பல்லுக்குள் மண். அப்போது என் மேல் இன்னொருவன் வந்து விழுந்தான், அவன் மேல் இன்னொருவன். ஊர்ப் பயல்கள்.

"வயசாளி புடிக்காரு, பாத்துட்டா நிக்கிய? அமுக்குங்கல!"

அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாக நடந்தது. அபிநயா கோட்டுக்கு வெளியே நின்று இரண்டு அணியையும் சமமாகத் திட்டினாள். ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பாயின்ட் வித்தியாசத்தில் எங்கள் அணியைத் துவைத்து எடுத்தார்கள். திரைக்கதைப்படி நாங்கள் ஜெயிக்க வேண்டும். நிலோஃபர் தோற்றதையே வைத்துக்கொள்ளப் போகிறாளாம்.

நான் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். ஏன் மாஸ்டர் அழறீங்க என்று கேட்டாள். முட்டி வலி என்றேன். முட்டி வலிதான்.

18 ஜூன், செவ்வாய்

முட்டி வீங்கியிருக்கிறது. அபிநயா ஐஸ் வைத்துக் கட்டினாள். உறையைக் கிழித்துப் போட்டேன்.

20 ஜூன், வியாழன்

பிரிட்டோவிடம் வள்ளிமுத்து கேட்டதைச் சொன்னேன். அவனைப் பற்றி நல்லபடியாக நான் எழுதிய கடிதத்தையும் கொடுத்தேன். ஒரு பக்கம். ஒழுக்கம், நேரம் தவறாமை, சக வீரர்களோடு இணக்கம்.

அவன் நின்றபடியே இரண்டு முறை படித்தான்.

"ஒங்களுக்கு அந்த கோச்சு வேல போயிருமே சார்."

"அது எனக்குக் கிடைத்ததே இல்லை. போவதற்கு என்ன இருக்கிறது?"

"வள்ளிமுத்து சார் இதக் கிழிச்சுப் போட்டுட்டு, வரலன்னு சொல்லிட்டாருன்னா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவன் செய்வான். நிச்சயம் செய்வான்.

"அப்படியானால் நானே வருகிறேன்" என்றேன்.

22 ஜூன், சனி

காலை ஏழு மணிக்குக் கழக மைதானம். பிரிட்டோ பைக்கில் கூட்டிப் போனான். முட்டியை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டே உட்கார்ந்து போனேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கழகத் தலைவர் லிங்கதுரை, உப்பு வியாபாரி. கபடியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். முன்னால் அவித்த மரவள்ளிக்கிழங்குத் தட்டு. உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தார். வலப்பக்கம் வள்ளிமுத்து.

பிரிட்டோவின் முறை வந்ததும் வள்ளிமுத்து, "இவன் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு தலைவரே. நடத்த சரியில்ல. இவனுக்குக் கோச்சு குடுத்தவரே சொல்லுதாரு" என்று என் பக்கம் கையைக் காட்டினான். நான் எந்தக் கடிதத்தோடு வந்திருக்கிறேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

கடிதத்தைத் தலைவர் முன்னால் வைத்தேன். அவர் கை எல்லாம் கிழங்கு நார். "நீங்களே சொல்லுங்க" என்றார்.

மேடையில் பேசிப் பழகியவன் நான். உடற்கல்வி மாநாடுகளில் நாற்பது நிமிடம் தாள் இல்லாமல் பேசியிருக்கிறேன். இன்று எழுதிக் கொண்டுவந்ததைப் பேசவில்லை. பேச்சும் என் பேச்சாக வரவில்லை. அம்மாவிடம் பேசுகிற பேச்சாக வந்தது.

"பையன் நடத்தயில ஒரு குத்தமும் இல்ல. வள்ளிமுத்து இவனப் பத்தித் தப்பா எழுதிக் கேட்டாரு. ஏன் என்ட்ட கேட்டாருன்னா, நான் முன்னால ஒருக்க அப்பிடி எழுதிக் குடுத்தவன். தொண்ணூத்தி மூணுல. எங்க டீம்ல குணசீலன்னு ஒருத்தன். இந்தப் பையன் மாதிரிதான். அவன டீம விட்டு எடுக்கச் சொல்லி எழுதுனேன். அந்தக் கடுதாசியில ஒரு பேரத்தான் எழுதினேன். எழுத வேண்டியது ரெண்டு பேரு. ரெண்டாவது பேரு என்னோடது."

வள்ளிமுத்து குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். மைதானத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த பயல்கள் அப்படியே நின்று பார்த்தார்கள். பிரிட்டோ என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு இரவும் அதைத்தானே ஒத்திகை பார்த்திருக்கிறேன். யாராவது சிரிப்பார்கள். யாராவது காறித் துப்புவார்கள். எழுந்து வெளியே போ என்பார்கள்.

லிங்கதுரை கிழங்கின் நரம்பைப் பல்லிலிருந்து உருவினார்.

"அது சரி. பையன் ஒரு மேட்ச்சுக்கு எத்தன பாயின்ட் எடுப்பான்?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் மறுபடி கேட்டார்.

"பத்து" என்றேன். "நல்லா சாப்பாடு போட்டா பன்னெண்டு."

"பொறவு என்ன? எறக்கி விட்டுப் பாருங்க. எடுத்தா வச்சுக்கிடுவோம்." அடுத்த கிழங்கை எடுத்தார். "வள்ளிமுத்து, போன வருசம் நீரு சேத்த பய மூணு எடுத்தான்யா."

பிரிட்டோ இறங்கினான். ஆறு ரைடில் ஒன்பது பாயின்ட். அவனைப் பிடிக்க வந்தவர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்தார்கள். அவர்களுக்கும் வேலை வேண்டுமே. மதியம் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் நான்காவதாக இருந்தது. பயிற்சியாளர் பதவி பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பிரிட்டோ பைக்கைக் கடைத்தெருவில் நிறுத்தினான். இரண்டு சர்பத் வாங்கிக்கொண்டு வந்தான். கிளாஸை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"சார், எனக்காகவா பேசுனிய, ஒங்களுக்காகவா?"

"தெரியலடா" என்றேன்.

"அந்த குணசீலன் சார் நல்லா ஆடுவாங்களா?"

"ஒரு மேட்ச்சுக்குப் பதினாலு."

பிரிட்டோ விசிலடித்தான். "பதினாலா! பொறவு எப்பிடி சார் எடுத்தாங்க அவங்கள? ஒருத்தருமா கேக்கல?"

அறைக்கு வந்து குளித்தேன். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூற்று மூன்றில் எங்கள் அணி மேனேஜர் அந்தக் கடிதத்தை வாங்கியபோது என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அவர் நல்ல மனிதர், ஆட்டம் தெரிந்தவர். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். வள்ளிமுத்து என்ன சொல்வான் என்று பயந்து நான் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று குணசீலன் வராந்தாவில் நின்றிருந்தான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தென்மண்டலப் போட்டிக்கான புது பனியனில் என் எண்ணையும் அவன் எண்ணையும் அடுத்தடுத்துப் போடச் சொல்லிக் கேட்கத்தான் நான் உள்ளே போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "கிடைச்சுதால?" என்று கேட்டான்.

கிடைத்தது என்று சொன்னேன்.